சீட் கம்பியில் இரண்டு வளையங்கள்

அத்தியாயம் 6

வக்கீலம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். கால் தரையைத் தொடவில்லை.

குனிந்து, அடியில் இருந்த கைப்பிடியை இழுத்தார். இருக்கை புஸ்ஸென்று இறங்கியது. யாரையும் எதுவும் கேட்கவில்லை. எதிரே நின்றிருந்த ரேடியோ மட்டும் திடீரென்று மின்விசிறியை அக்கறையாக ஆராய ஆரம்பித்தான்.

வக்கீலம்மா கோர்ட்டை விட்டுவிட்டுத் துப்பறிய வந்து பல வருஷம் ஆகிறது. கறுப்புக் கோட்டு பீரோவுக்குள் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ரேடியோ அவருடைய உதவியாளன். வயது முப்பதைத் தாண்டியும் அவனை அணைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாததால் அந்தப் பெயர்.

"கிளியரிங் ஏஜென்ட் வெளியில நிக்கறார். வரச் சொல்லு" என்றார் வக்கீலம்மா.

அவ்வளவுதான், ரேடியோவுக்கு அன்றைய நாள் கெட்டது.

வெளிநாட்டுச் சரக்கைச் சுங்கத்தில் பேசி விடுவித்துக் கொடுப்பது ஏஜென்ட்டின் தொழில். ஆள் நல்ல உயரம். மடிப்புக் கலையாத பேன்ட், மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத சிரிப்பு. வக்கீலம்மா அவனை 'அவர்' என்பார். ரேடியோ மனசுக்குள் 'அவன்' என்பான். நாமும் ரேடியோ பக்கமே நிற்போம், பாவம், அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

முதல் நாள் இந்த ஏஜென்ட் வந்தபோது ஏதோ ஒரு ஜோக் சொன்னான். வக்கீலம்மா சிரித்தார். பல் தெரிய, சத்தமாக. ரேடியோ இத்தனை வருஷமாக மூச்சு விடுகிற மாதிரி ஜோக் விட்டிருக்கிறான். அந்த அம்மாளின் உதடு ஒரே ஒரு தடவை ஒரு பக்கமாக அசைந்ததுண்டு. அதுவும் ஏப்பமாக இருந்திருக்கலாம்.

ஏஜென்ட்டுக்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள். வீட்டில் அக்கா பெரியவள், இவள் சின்னவள். சைக்கிள் பந்தயக்காரர்கள் மத்தியிலும் அதே பெயர்தான். ஒல்லியான உடம்பு, தூணைப் போல் கால். முகத்தைப் பார்த்தால் ராத்திரி தூங்கவில்லை என்று தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை தேர்வு ஓட்டம் மேடம். அதுல முதல்ல வந்தா தேசிய அணி. என் வயசுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பழைய சைக்கிள்ல முடியாது. அக்கா வெளிநாட்டுல ஒரு சைக்கிள் கடையில வேலை பாக்கறா. ஃபிரேம், சக்கரம், ஹேண்டில்பார், சீட்டுன்னு எல்லாம் அவதான் வாங்கித் தனித்தனி பெட்டியில அனுப்பினா. அத்தனையும் புதுசு. இப்ப சுங்கத்துல பிடிச்சு வெச்சுக்கிட்டு, ஓட்டின சைக்கிளைக் கழட்டி பார்ட்ஸுன்னு பொய் சொல்லி அனுப்பியிருக்கீங்கங்கறாங்க."

"பொய் சொல்றதுல என்ன லாபம்?" என்று வக்கீலம்மா ஏஜென்ட்டைக் கேட்டார். ரேடியோவைக் கேட்டிருந்தாலும் அவனுக்குப் பதில் தெரியாது, ஆனாலும் கேட்டிருக்கலாம்.

"பார்ட்ஸுக்கு ஒரு வரி மேடம், முழு சைக்கிளுக்கு அதைவிடப் பெரிய வரி" என்றான் ஏஜென்ட். "எத்தனை பெட்டியில வந்தாலும் சரி, எல்லாத்தையும் மாட்டினா ஒரு சைக்கிள் ஆகுதுன்னா அது சட்டப்படி சைக்கிள்தான். வரியைக் கட்டிடலாம், அது ஒண்ணுமில்லை. ஆனா வேணும்னே மறைச்சதா அதிகாரி எழுதிட்டா பறிமுதல்தான்."

ரேடியோ நடுவில் புகுந்தான். "அப்ப நான் வெளிநாடு போறப்ப கை தனி, கால் தனின்னு பார்சல்ல போனா செலவு குறையாதா?"

"குறையாதுங்க. வாய்க்குத் தனியா கட்டணும்" என்றான் ஏஜென்ட்.

வக்கீலம்மா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

 ரேடியோவின் ஜோக்கை எடுத்து அவன் தலையிலேயே கவிழ்த்துவிட்டுப் போகிறான் ஒருத்தன், அதற்கு இப்படி ஒரு சிரிப்பு. இந்த ஆளை உள்ளே தள்ளாமல் இன்றைக்குச் சோறு இறங்காது என்று முடிவு செய்துகொண்டான்.

"உங்கக்கா என்னம்மா சொல்றாங்க?" என்றார் வக்கீலம்மா.

"கடையிலேர்ந்து அப்படியே பேக் பண்ணி அனுப்பினேன், யாரும் ஏறலைன்னு சத்தியம் பண்றா. அவ பொய் சொல்ல மாட்டா மேடம்."  சின்னவளின் குரல் மாறியது. "சின்ன வயசுலேர்ந்து நான் ஓட்டினதெல்லாம் அக்கா ஓட்டி முடிச்ச சைக்கிள். அவ என்னைவிட உயரம், சீட்டை இறக்கி எங்கிட்ட தள்ளிடுவாங்க. சட்டை, ஷூ எல்லாம் அப்படித்தான். அவ கப்பெல்லாம் ஹால்ல இருக்கு, என்னோடது கட்டிலுக்கு அடியில. கல்யாணமாகி, குழந்தை பொறந்து, அவ ஓட்டறதை விட்டுட்டா. அப்பவும் எல்லாரும் என்னை அவ தங்கச்சின்னுதான் சொல்றாங்க. வாழ்க்கையில முதல் தடவையா அக்கா ஏறாத ஒரு சைக்கிள் வருதுன்னு இருந்தேன்."

ரேடியோ அவளை நிமிர்ந்து பார்த்தான். இந்தப் பெண் நம்ம ஜாதி என்று தோன்றியது.

"பெட்டியெல்லாம் இங்க வந்தப்புறம் யார்கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டான்.

"சுங்கம் பாக்கற வரைக்கும் என் கிடங்குலதான் வெப்போம்" என்றான் ஏஜென்ட். "சாவி என்கிட்ட."

ரேடியோ வக்கீலம்மாவைப் பார்த்தான். பார்த்தீங்களா என்கிற பார்வை. அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சுங்கக் கொட்டகை தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். உள்ளே இரும்பு மேஜைகள், வயிறு கிழிந்த அட்டைப் பெட்டிகள், எடை போடும் மேடை. பேசுகிறவர்களின் குரலையெல்லாம் ஒரு பெரிய மின்விசிறி அறைந்து தள்ளிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த அதிகாரி ஒரு சக்கரத்தின் ரிம்மைக் கையில் பிடித்து அவர்களுக்கு நேராக நீட்டினார்.

"இதைப் பாருங்க வக்கீலம்மா. ஓரமெல்லாம் பிரேக் கட்டை உரசி மங்கிப் போயிருக்கு. கடையில தொங்கற ரிம் இப்படி ஆகுமா? இது ஓடின சைக்கிள். யார் ஓட்டினா, எதுக்கு மறைச்சாங்கன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லேன்னா பறிமுதல்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

சின்னவள் ரிம்மைத் தொட்டுப் பார்த்தாள். தன் கன்னத்தில் யாரோ அறைந்த தடத்தைத் தடவுவது போலத் தடவினாள்.

வக்கீலம்மா ரிம்மை விட்டுவிட்டு, சீட்டைத் தாங்குகிற கம்பியை எடுத்தார். வழவழவென்ற கறுப்புக் கம்பி. வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினார். "இது என்ன வளையம்?"

"அந்தக் கம்பியை ஃபிரேமுக்குள்ள விட்டு இறுக்குவோம்ல மேடம், இறுக்கின இடத்துல பதியும்" என்றாள் சின்னவள்.

ரேடியோவின் மூளைக்குள் மணி அடித்தது. "மேடம், அப்ப ஓட்டினவன் உயரம் இந்தக் கம்பியிலேயே இருக்கு. இதை மாட்டி, வளையம் வரைக்கும் வெச்சுப் பார்த்தா, சீட் எந்த உயரத்துல இருந்துச்சுன்னு தெரிஞ்சிடும். ஆளைக் கோழி அமுக்கற மாதிரி அமுக்கிடலாம்."

"மாட்டுங்க" என்றார் அதிகாரி. அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது.

சின்னவளின் கை வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமே. திருப்புளி ஒரு கை, ஸ்பேனர் ஒரு கை. சக்கரம் ஏறியது, பெடல் ஏறியது, எண்ணெய் பூசிய செயின் ஏறியது. பெட்டி பெட்டியாகக் கிடந்தது ஒரு சைக்கிளாக எழுந்து சுவரில் சாய்ந்து நின்றது. சட்டம் சொன்னது சரிதான் என்று அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார்.

கம்பியில் ஆழமாகப் பதிந்திருந்த வளையத்துக்குச் சீட்டை வைத்து இறுக்கினார்கள். ரேடியோ ஏறி உட்கார்ந்தான். கால் பெடலுக்கு எட்டாமல் அந்தரத்தில் ஆடியது. அதுதான் அவனுக்கு வேண்டும்.

"நல்ல வளர்த்தியான ஆளு" என்று இறங்கினான். ஏஜென்ட்டைப் பார்த்து, "சார், கொஞ்சம் ஏறுங்களேன்."

ஏஜென்ட் தயங்கினான். பிறகு சைக்கிளை மறுபக்கம் திருப்பிச் சுவரில் சாய்த்து, வலப்பக்கமிருந்து ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஏறினான். கால் பெடலில் பதிந்தது.

"முடிஞ்சுது மேடம்" என்றான் ரேடியோ. சந்தோஷத்தில் குரல் கீச்சிட்டது. "கிடங்குச் சாவி இவர்கிட்ட. உயரம் இவரோடது. புது சைக்கிளைப் பார்த்ததும் ஆசை தாங்கலை, மாட்டி ஊரெல்லாம் ஓட்டிட்டுத் திரும்பக் கழட்டி வெச்சுட்டார். இவ்வளவு இஸ்திரி போட்ட ஆளை நம்பவே கூடாதுன்னு எனக்கு முதல்லயே தோணிச்சு."

ஏஜென்ட்டின் முகம் சிவந்தது. கோபத்தில் இல்லை. "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்க" என்றான் மெதுவாக.

"இதை நாங்க நம்பணும்?"

"ரேடியோ, அவர் பேன்ட்டைப் பாரு" என்றார் வக்கீலம்மா.

அந்த அருமையான பேன்ட்டின் மடிப்பில், முழங்காலுக்குக் கீழே, செயின் எண்ணெய் பட்டையாக அப்பியிருந்தது.

"ஓட்டத் தெரிஞ்ச யாரும் செயின் இருக்கற பக்கத்துலேர்ந்து ஏற மாட்டாங்க. நீ இடப்பக்கம் ஏறின, இவர் வலப்பக்கம் ஏறினார். சுவர் இல்லேன்னா இந்நேரம் கீழ கிடப்பார். முழங்காலையும் பாரு, மடங்கித்தான் இருக்கு. இவருக்கு இந்த சீட் கொஞ்சம் பத்தலை."

ரேடியோவின் சந்தோஷம் வடிந்தது. எண்ணெய் பட்டதில் மட்டும் ஒரு துளி ஆறுதல் மிச்சம் இருந்தது, அதைப் பத்திரப்படுத்திக்கொண்டான்.

"இன்னொரு வளையத்தை விட்டுட்ட" என்றார் வக்கீலம்மா.

கம்பியில் உண்மையாகவே இன்னொன்று இருந்தது. சீட்டை இன்னும் கீழே இறக்கினால் வருகிற இடத்தில், மயிரிழை மாதிரி.

"முதல் வளையம் ஆழம். உள்ளே ரோட்டுப் புழுதி இறுகிப் போயிருக்கு. அந்த உயரத்துல ஒரு ஆள் நிறைய ஓட்டியிருக்காங்க. ரெண்டாவது சுத்தமா இருக்கு. வெச்சு இறுக்கினதோட சரி, ஒரு அடிகூட ஓட்டலை. யாரும் ஓட்டாத உயரத்துல எதுக்கு ஒருத்தர் சீட்டை நிறுத்தணும்?"

"பேய்க்காக இருக்குமோ மேடம்? அதுக்குக் கால் கிடையாது, எந்த உயரமும் சரிதான்."

யாரும் சிரிக்கவில்லை. ஏஜென்ட் மட்டும் மரியாதைக்குச் சிரித்தான். அதில் ரேடியோவுக்கு இன்னும் வயிறு எரிந்தது.

சீட்டை இரண்டாவது வளையத்துக்கு இறக்கினார்கள். "நீ ஏறும்மா" என்றார் வக்கீலம்மா.

சின்னவள் இடப்பக்கமிருந்து ஏறினாள். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்று. பிறகு அசையாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"இவங்க உயரத்துல ஊர்ல ஆயிரம் பேர் இருப்பாங்க மேடம்" என்றான் ரேடியோ.

"இல்லண்ணா." சின்னவளின் குரல் உள்ளே போயிருந்தது. "என் உயரத்துக்கு சீட் இதைவிட மேல இருக்கணும். யார் அளந்தாலும் மேலதான் வெப்பாங்க. எனக்கு இடது முழங்கால் முழுசா நீளாது, சின்னப்பிள்ளையில விழுந்தது. அதனால ரெண்டு விரற்கடை கீழ வெக்கணும். கோச்சுக்குக்கூட இது தெரியாது. அவர் ஏத்தி வெச்சாலும் நான் இறக்கிக்குவேன். இந்தக் கணக்கைக் கண்டுபிடிச்சதே..."

முடிக்கவில்லை. அவளே போனை எடுத்து, அழுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேஜை மேல் வைத்தாள்.

"சொல்லுடி, பெட்டியை விட்டுட்டாங்களா?" என்றது அக்காவின் குரல். பின்னால் குழந்தைகள் சண்டை போடும் சத்தம்.

"அக்கா, நீ ஏறினியா?"

 அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்பட்டது, குழந்தைகளின் சத்தம் நின்றது.

"மாட்டிப் பார்க்கலாம்னுதான் ஆரம்பிச்சேன்" என்றாள் அக்கா. "எல்லாம் பொருந்துதான்னு பார்க்க. தெரு முனை வரைக்கும்னு ஏறினேன். இறங்க மனசு வரலை. ஒரு வாரம் விடியக்காலையில எழுந்து எழுந்து ஓட்டினேன். அவருக்குக்கூடத் தெரியாது."

"ஏன் பொய் சொன்ன?"

"என்னன்னுடி சொல்லுவேன்? இந்த சைக்கிள்ல நீ ஜெயிக்கப் போறன்னு தெரியும். என்னை நீ முந்திடப் போறன்னு தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது நான் இதுல உன்னைவிட வேகமா போயிடணும்னு இருந்துச்சு. பொறாமைதான். வேற பேரு கிடையாது."

அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார். "அம்மா, நான் சுங்க அதிகாரி பேசறேன். வரியைக் குறைக்கறதுக்காகக் கழட்டி அனுப்பினீங்களா?"

"முழுசா அனுப்பக் கூரியர்காரன் பெட்டி இல்லைன்னுட்டான் சார். கடையில பார்ட்ஸா வாங்கினேன், பார்ட்ஸுன்னே எழுதினேன். அதுக்கு வரி வேறங்கறதே நீங்க சொல்லித்தான் தெரியும்."

அதிகாரி பேனாவை எடுத்தார். "இவங்க மறைச்சது என்கிட்டேர்ந்து இல்லை, தங்கச்சிகிட்டேர்ந்து. என் சட்டத்துல அதுக்குப் பிரிவு கிடையாது. ஓட்டின முழு சைக்கிள்னு திருத்தி எழுதிடறேன். அதுக்கான வரியைக் கட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

ஏஜென்ட் நிம்மதியாக மூச்சு விட்டான். சின்னவள் சைக்கிளிலிருந்து இறங்கினாள். ஹேண்டில்பாரைச் சுவரில் சாய்த்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

"எனக்கு வேண்டாம் சார். பறிமுதலே பண்ணிக்கோங்க."

"ஞாயித்துக்கிழமை ஓட்டம்மா" என்றான் ஏஜென்ட் பதறி.

"இருக்கட்டும். இதுவும் அவ ஓட்டி முடிச்சதுதான். இதுலயாவது நான் முதல்ல ஏறலாம்னு பார்த்தேன். அதையும் அவ விடலை."

 போனில் அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஏஜென்ட் சட்டத்தைச் சொன்னான், தேர்வைச் சொன்னான், திரும்ப விண்ணப்பிக்க முடியாது என்றான். சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். 

"தங்கச்சி, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் ரேடியோ. இந்தத் தடவை ஜோக் வரவில்லை. "பொறாமையைப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். காலையிலேர்ந்து அதைத்தான் தின்னுக்கிட்டிருக்கேன். பொறாமைப்படறவன் அடுத்தவங்க சீட்டுல ஏறுவான், சரி. ஆனா இறங்கறப்ப அதை இறக்கி வெக்க மாட்டான். தன் உயரத்துலயே விட்டுட்டுப் போவான். வந்து உட்கார்றவங்களுக்குக் கால் எட்டக் கூடாது, யாரோ இங்க இருந்தாங்கன்னு தெரியணும், அதுல அவனுக்கு ஒரு அல்ப சந்தோஷம். உங்கக்கா அப்படி விடலையே. இறங்கி, சீட்டை உங்க முழங்காலுக்கு இறக்கி, அந்த ரெண்டு விரற்கடையையும் பார்த்து, இறுக்கி, அப்புறம்தானே கழட்டியிருக்காங்க. எப்படியும் கழட்டப் போற சைக்கிள்ல எதுக்கு அந்த வேலை?"

 சின்னவள் சீட் கம்பியைப் பார்த்தாள். அந்த மயிரிழை வளையத்தை நகத்தால் ஒரு தடவை நெருடினாள்.

"எப்படி ஓடுது?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள். கோபம் இன்னும் போகவில்லை.

"நல்லா ஓடுதுடி" என்றாள் அக்கா அவசரமாக. "மேடு ஏறறப்ப கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும். ஹேண்டிலை இறுக்காதே, விட்டுப் பிடி."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ சொல்ல வேண்டாம்."

"சரி, சொல்லலை."

"கப்பு வந்தா ஹால்லதான் வெப்பேன். உன்னோடதை நகர்த்திட்டு."

அந்தப் பக்கம் கொஞ்சம் தாமதமானது. அவளுக்கும் வலிக்கத்தானே செய்யும். "நகர்த்திக்கோ" என்றாள் அக்கா.

சின்னவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரி கட்டும் ஜன்னல் பக்கம் போனாள். ஏஜென்ட் பேன்ட் கறையைக் கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டே ரேடியோ பக்கத்தில் வந்து, "நல்லாப் பேசினீங்க" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். தேய்க்கத் தேய்க்கக் கறை பரவியது. தேய்த்தால் போகாது என்பது ரேடியோவுக்குத் தெரியும். இருந்தும் அவன் அதைச் சொல்லவில்லை.

ஆபீசுக்குத் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வக்கீலம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்தார். காலை ஒரு தடவை தரையில் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"இறங்கறப்ப இறக்கி வெக்க மாட்டான்னு சொன்னல்ல?" என்றார்.

ரேடியோவின் வாய் வாழ்நாளில் முதல் தடவையாக நின்றது. கண் தானாக மின்விசிறியைத் தேடிப் போனது.

"யாரோ இங்க இருந்தாங்கன்னு தெரியணும். அல்ப சந்தோஷம்."

"மேடம், அது வந்து..."

"தினமும் காலையில நான் குனிஞ்சு அந்தக் கைப்பிடியை இழுக்கறேன். எனக்கு இடுப்பு வலி வேற."

"எப்பத்திலேர்ந்து தெரியும் மேடம்?"

 வக்கீலம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "அந்த அதிகாரிக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லாம வந்துட்டேன். போயிட்டு வரேன். நடுவுல யாராவது கேஸுன்னு வந்தா நீயே உட்கார்ந்து கேளு."

கதவு வரை போனவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நான் வர்றப்ப என் கால் தரையில படணும்."